மேத்ஸை விட்டுவிடலாமா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் பிளஸ் ஒன் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் தொடங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "எந்த குரூப் எடுக்கப் போற?" கேட்கிறவர்களே பதிலையும் வைத்திருப்பார்கள். ஐந்நூறுக்கு நானூற்றைம்பதைத் தாண்டியிருந்தால் ஃபர்ஸ்ட் குரூப்; அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் சேர்ந்த பயோ-மேத்ஸ். கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னும் குறைந்தால் காமர்ஸ். "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துடும்மா, டாக்டருக்கும் போலாம், இன்ஜினீயருக்கும் போலாம்" என்பார் சித்தப்பா. மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் நீட்டியபடி சேர்க்கை அறையில் நிற்கும் அப்பா, "ஃபர்ஸ்ட் குரூப்ல எடம் இருக்குங்களா சார்?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஜூலை முடிவதற்குள் முதல் இடைப்பருவத் தேர்வின் விடைத்தாள் வீட்டுக்கு வந்துவிடும். பத்தாவதில் கணக்கில் தொண்ணூறு வாங்கிய பிள்ளை, ஐம்பதுக்குப் பன்னிரண்டு வாங்கியிருக்கும். அன்று ராத்திரி ஆரம்பிக்கும் வழக்கு. "என்னால முடியலம்மா. மேத்ஸ விட்டுடறேன்." "ஒரு டெஸ்டுக்கே பயந்தா எப்படி? ஊர்ல எல்லார்கிட்டயும் ஃபர்ஸ்ட் குரூப்னு சொல்லியாச்சு." இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு சொல்லும் மாதம்தான் தப்பு.

மே மாதத்தில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கணக்கை எடுக்கிறோம். ஜூலையில் ஒரே ஒரு விடைத்தாளைப் பார்த்துக் கணக்கை விடத் துடிக்கிறோம். இரண்டும் ஒரே அவசரம். பிள்ளைக்குக் காலாண்டுத் தேர்வு வரையாவது அவகாசம் வேண்டும். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால், அந்த ஒரு பாடத்தை மட்டும் விட வழி வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு இன்று இந்த இரண்டுமே இல்லை.

ஒன்றை விட்டால் மொத்தக் கட்டும் போகும்

1978இல் கல்லூரிகளில் இருந்த பி.யு.சி.க்குப் பதிலாகப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் வந்தன. அப்போது வந்த 'குரூப்' முறையில்தான் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். மொழிப் பாடம் இரண்டு, முதன்மைப் பாடம் நான்கு, மொத்தம் 600 மதிப்பெண். 2017-18க்கு முன் அது 1200. நான்கு முதன்மைப் பாடங்களும் ஒரே கட்டு. கணக்கு வேண்டாம் என்றால் கட்டையே மாற்ற வேண்டும்.

பயோ-மேத்ஸில் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு இல்லை. பியூர் சயின்ஸுக்குப் போனால் இயற்பியலும் வேதியியலும் அப்படியே இருக்கும். உயிரியல் மட்டும் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாக விரியும். படித்தது வீணாகாது. ஆனால் பியூர் சயின்ஸ் பிரிவு அந்தப் பள்ளியில் இருக்க வேண்டுமே! கிள்ளையிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ காலைப் பேருந்தைப் பிடித்து வரும் பிள்ளைக்கு, "அந்த குரூப் இங்க இல்லம்மா, வேற ஸ்கூல் பாரு" என்ற ஒரு வார்த்தை போதும். பள்ளியை மாற்றினால் பேருந்து நேரம் மாறும், கூட வரும் தோழிகள் மாறுவார்கள், சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும். கம்ப்யூட்டர் சயின்ஸில் இருப்பவர் பாடு இன்னும் மோசம். அவர் காமர்ஸுக்குப் போனால் இரண்டு மாதம் படித்த நான்கு பாடங்களில் பெரும்பாலும் எதுவுமே கூட வராது.

இந்தக் கட்டை அவிழ்க்க அரசு ஒருமுறை முயன்றது. 2019 செப்டம்பரில், செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோது, நான்குக்குப் பதிலாக மூன்று முதன்மைப் பாடங்களை எடுத்து 500 மதிப்பெண்ணுக்கு எழுதலாம் என்று அரசாணை வந்தது. இயற்பியல், வேதியியல், கணிதம் ஒரு வரிசை. இயற்பியல், வேதியியல், உயிரியல் இன்னொரு வரிசை. பழையபடி நான்கு பாடம் வேண்டுமென்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். 2020-21 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய திட்டம் அது. எதிர்ப்பு எழுந்தது. பதினைந்து வயதிலேயே ஒரு பாதையை அடைத்துவிட்டால் பின்னால் வருந்த வேண்டியிருக்கும் என்றார்கள். 2020இல் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எதிர்த்தவர்களின் கவலை பொய்யில்லை. ஆனால் ஒரு பாதை அடைபடும் என்று அஞ்சி நான்கு பாடத்தையும் சுமக்கச் சொன்னதில், நான்கிலும் நடுத்தர மதிப்பெண் வாங்கி இரண்டு பாதையும் கைவிட்டுப் போன பிள்ளைகளை யார் கணக்கில் எடுத்தார்கள்? அந்த அரசாணையை ரத்து செய்ததற்குப் பதில் திருத்தியிருக்க வேண்டும். சேரும்போது நான்கு பாடம், காலாண்டுக்குப் பிறகு விரும்பினால் ஒன்றை விடலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

மற்ற இடங்களில் எப்படி? சி.பி.எஸ்.இ.யில் ஐந்து பாடம் போதும். ஆறாவது கூடுதல் பாடம். கணக்கை ஆறாவதாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2020-21 முதல் அங்கே 'பயன்பாட்டுக் கணிதம்' என்று தனிப் பாடமும் இருக்கிறது. பொருளியல், வணிகவியல் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்றது. இலங்கையில் உயர்தர வகுப்புக்கு மூன்றே பாடங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பௌதிக விஞ்ஞானத்துக்குப் போனால் இணைந்த கணிதம், உயிரியல் விஞ்ஞானத்துக்குப் போனால் உயிரியல். நம்முடைய பயோ-மேத்ஸ் பிள்ளை சுமக்கும் அளவுக்கு அங்கே யாரும் சுமப்பதில்லை.

தொண்ணூறு எப்படிப் பன்னிரண்டு ஆகிறது

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். நூறில் பதினாறு மதிப்பெண் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும். ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பதினாறும் கைக்குள். மற்ற கேள்விகளிலும் பெரும்பகுதி புத்தகப் பயிற்சிகளை ஒட்டியே வரும். கடைசி மூன்று மாதம் காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, அதே கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடவைத்து, பின்தங்கிய பிள்ளையையும் ஆசிரியர்கள் கரையேற்றிவிடுவார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொண்ணூறு, பிளஸ் ஒன் கணக்கு வருமா வராதா என்பதைச் சொல்லாது.

பிளஸ் ஒன் புத்தகம் கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று தொடங்கும். அடுத்தது அடிப்படை இயற்கணிதம். அதில் இப்படி ஒரு கணக்கு வரும்: ஓர் எண்ணை இரட்டித்து அதிலிருந்து மூன்றைக் கழி, கிடைப்பதன் மட்டு மதிப்பு ஏழுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அந்த எண் எது? பத்தாவது வரை பழகிய கை, ஏழோடு மூன்றைக் கூட்டிப் பத்து, பாதி ஐந்து, விடை ஐந்து என்று எழுதிவிடும். விடை அதுவல்ல. மைனஸ் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள எல்லா எண்களும் விடை. அந்த மைனஸ் இரண்டும் ஐந்தும் மட்டும் அதில் சேராது. அதுவரை கணக்கு என்றால் கடைசியில் ஒரு எண், அதன் கீழே இரண்டு கோடு. இங்கே விடை ஒரு நீளம், அதுவும் முனைகள் இல்லாத நீளம். ஏன் முனைகள் சேரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியில்தான் பிளஸ் ஒன் கணக்கே இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து, எண்கோடு வரைந்து காட்டும் ஆசிரியர் கிடைத்த பிள்ளைக்கு அது அரை மணி நேர வேலை. கிடைக்காத பிள்ளைக்கு ஆண்டு முழுக்க அது மந்திரம்.

அடுத்து முக்கோணவியல் வந்து நிற்கும். பக்கம் பக்கமாக வாய்பாடுகள். ஆகஸ்டில் பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான். நுண்கணிதமோ இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்: முக்கோணவியலில் திணறிய பல பிள்ளைகளுக்கு வகையிடல் பிடித்துப்போகும். விதிகள் தெளிவு, கை ஓடும், விடை சரிதானா என்று தாமே பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதத்தில் கணக்கை விடுகிறவர், கணக்கின் இன்னொரு முகத்தைப் பார்க்காமலேயே விடுகிறார்.

தாளின் அமைப்பும் ஒரு காரணம். இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறைக்கு இருபது, அகமதிப்பீட்டுக்குப் பத்து. எழுத்துத் தேர்வு எழுபதுக்குத்தான். எழுத்துத் தேர்வுக்குப் போவதற்கு முன்பே கையில் கிட்டத்தட்ட முப்பது இருக்கும். கணக்கில் செய்முறை இல்லை. பத்து அகமதிப்பீடு போக, தொண்ணூறும் மூன்று மணி நேரத்தில் எழுதி வாங்க வேண்டியது. இருபது ஒரு மதிப்பெண் வினாக்கள், ஏழு இரண்டு மதிப்பெண், ஏழு மூன்று மதிப்பெண், ஏழு ஐந்து மதிப்பெண். 'எனக்குக் கணக்கு வராது' என்று பிள்ளை சொல்லும்போது, அதில் ஒரு பங்கு இந்த ஏற்பாட்டின் மேல் விழ வேண்டிய பழி.

இன்னொரு பங்கு வகுப்பறையின் மேல். முதுகலைக் கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தன்னுடைய பலவீனத்தால் தோற்றதாகவே நினைத்துக்கொள்கிறது. ஊருக்குள் டியூஷன் இருக்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு அந்த டியூஷனும் இல்லை.

யாருக்குக் கணக்கு வேண்டும்?

சித்தப்பா சொன்ன 'ரெண்டு வழி' விஷயத்துக்கு வருவோம். பொறியியலுக்குக் கணக்கு வேண்டும், பேச்சே இல்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணக்குக்கு மட்டும் நூறு. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மற்ற நூறு. சேரத் தேவையான குறைந்தபட்சச் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40. கணக்கில் அறுபது வாங்கினால் பொறியியல் கனவே முடிந்தது என்று பயந்து விடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

மருத்துவத்துக்குக் கணக்கு வேண்டாம். நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுதான். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியான பிறகு, சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் டாக்டர் ஆசை இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. அந்த ஒதுக்கீட்டைக் குறிவைக்கும் ஒரு பெண் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கணக்குக்குக் கொடுத்துவிட்டு நீட்டில் பின்தங்கினால், அந்த இரண்டு மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? மருத்துவம்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளை, பியூர் சயின்ஸ் கிடைக்கும் பள்ளியில் இருந்தால், கணக்கை விடுவதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டின் கௌரவத்துக்காக அதைத் தடுப்பதுதான் தப்பு.

இன்னொரு செய்தியும் பல வீடுகளுக்கு எட்டவில்லை. பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்கள், பின்னால் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் மருத்துவத்துக்கு வரலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது. இரண்டு பாதையும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே பயோ-மேத்ஸைச் சுமக்க வேண்டிய கட்டாயம் அன்றோடு பாதி குறைந்துவிட்டது.

செவிலியர் படிப்புக்கு, சட்டத்துக்கு, உளவியலுக்கு பிளஸ் டூ கணக்கு தேவையில்லை. ஆனால் கணக்கை விட்டவர்களைக் கணக்கு விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். காமர்ஸ் போய் சி.ஏ. படிக்க நினைக்கிறவருக்கு ஃபவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு முழுத் தாளாக வரும். அதனால் காமர்ஸில் வணிகக் கணிதம் இருக்கும் பிரிவா, கணினிப் பயன்பாடு இருக்கும் பிரிவா என்பதைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் இருநூறு கேள்விகளில் இருபத்தைந்து திறனறிவுக் கணக்கு; அது பத்தாம் வகுப்புத் தரம், பயப்பட வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. மீனையும் நண்டையும் படிக்கத்தானே போகிறோம் என்று போகும் பிள்ளை, ஆராய்ச்சி என்று வந்ததும் புள்ளியியலோடுதான் உட்கார வேண்டியிருக்கும். அப்போது கைகொடுப்பது பிளஸ் ஒன்னில் பார்த்த நிகழ்தகவு.

தென்னாற்காட்டுக்கு வந்த கணக்கர்கள்

ஒரு பாடத்துக்காக எல்லாவற்றையும் இழந்தவர் ஒருவர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில், திருக்கோவிலூரில் 1910இல் துணை ஆட்சியராக இருந்தவர் வி.ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கியவர். அவரைத் தேடி நோட்டுப் புத்தகத்தோடு வந்த இளைஞர் ராமானுஜன். அன்றைய எஃப்.ஏ. என்ற கல்லூரிப் படிப்பிலும் எல்லாப் பாடமும் ஒரே கட்டுதான். கணக்கில் யாருக்கும் குறைவில்லாத ராமானுஜன் மற்ற பாடங்களில் தவறி, கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. உடலியல் அவருக்கு எட்டிக்காய். ஒரு பாடத்தை விட வழியில்லாத ஏற்பாட்டில் கணிதமேதையே படிப்பை விட நேர்ந்தது. விதியைத் தாண்டி அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்க்கும் ஆள் திருக்கோவிலூரில் இருந்ததால், அங்கிருந்து சென்னைக்கு ஒரு வழி கிடைத்தது.

இன்னொருவர் சிதம்பரத்துக்காரராகவே பன்னிரண்டு ஆண்டு இருந்தார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே அங்கு விரிவுரையாளராக வந்து, 1941 வரை பணியாற்றிய எஸ்.எஸ்.பிள்ளை. தென்காசிப் பக்கம் வல்லத்தில் 1901இல் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தாய் போய்விட்டார். பள்ளி இறுதி வகுப்பில் தந்தையும் போனார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பொருளுதவி செய்து படிக்க வைத்தார்.

பிள்ளை அண்ணாமலைநகரில் உட்கார்ந்து போட்ட கணக்கைப் பிளஸ் ஒன் பிள்ளைக்கும் சொல்லலாம். 23 என்ற எண்ணை முழு எண்களின் கனங்களாக, அதாவது 1, 8, 27 போன்றவற்றின் கூட்டலாக எழுத வேண்டும். இருபத்தேழு பெரியது, ஆகாது. எட்டு இரண்டு முறை போனால் பதினாறு. மீதி ஏழுக்கு ஏழு ஒன்றுகள். ஆக ஒன்பது கனங்கள். அதற்குக் குறைத்து முடியாது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஒன்பது கனம் போதும் என்பது நிறுவப்பட்ட உண்மை. கனத்துக்குப் பதில் ஆறாம் அடுக்கு என்றால் எத்தனை வேண்டும்? 73 என்று 1940இல் நிறுவியவர் பிள்ளை. 1770இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பிய கேள்விக்கு, பெரும்பாலான அடுக்குகளுக்கு விடை கண்டவர்களில் ஒருவர் அவர். 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். இந்த 23 கணக்கை ஜூலை மாதத்தில் ஒரு வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி, "இந்த மாதிரிக் கணக்கைப் போட்டவர் நம்ம ஊர்ல வேலை பார்த்தவர்" என்று சொல்லிப் பாருங்கள். மேத்ஸை விடுவதாக இருந்தவர்களில் சிலர் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்பார்கள்.

காலாண்டு விடைத்தாளை விரித்து வையுங்கள்

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் நீக்கிவிட்டது. ஒரு வகையில் இது நல்ல வாய்ப்பு. பொதுத்தேர்வுக் கத்தி கழுத்தில் இல்லாததால், முதல் பருவத்தில் பிள்ளை தடுமாறினாலும் எழுந்துகொள்ள நேரம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. 2018க்கு முன் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வே வந்தது. மற்ற பாடங்களில் அப்படித் தாண்டுவதை எப்படியோ சமாளிக்கலாம். கணக்கில் முடியாது. பிளஸ் ஒன்னில் எல்லையும் வகையிடலும் தொகையிடலும் படிக்காத பிள்ளை, பிளஸ் டூவில் வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்தால் எழுத்தே தெரியாத மொழியைப் பார்ப்பதுபோல்தான் பார்க்கும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் பிளஸ் ஒன் புத்தகம் நடக்கிறதா, பிளஸ் டூ புத்தகம் நடக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

விடுவதா வைப்பதா என்பதற்குக் காலாண்டு விடைத்தாள் நல்ல சாட்சி. மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்க வேண்டும். கணக்கைத் தொடங்கி, பாதி வழியில் கூட்டலில் தப்பியிருந்தால் அது பழக்கத்தில் சரியாகிவிடும். முக்கோணவியல் முழுதும் வெற்றாக விட்டு மற்றவற்றை எழுதியிருந்தால், அது ஒரு பாடத்தின் இடைவெளி. ஒரு மாத வேலை. எல்லா விடையும் மனப்பாடமாக எழுதப்பட்டு, எண் மாறிய கேள்விகள் மட்டும் தப்பாகியிருந்தால், பிள்ளை உழைக்கிறது, ஆனால் புரியவில்லை. ஆசிரியரோடு பேச வேண்டும். தாள் முழுக்க வெறுமையாக இருந்து, அதே பிள்ளை உயிரியலில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால், அதன் மனம் எங்கே இருக்கிறது என்று தாளே சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளையைப் பிடித்து வைக்காதீர்கள்.

விடுவது என்று முடிவானால் தள்ளிப்போட வேண்டாம். அரையாண்டு வரை இழுத்தால் புதிய பிரிவின் பாடங்கள் எட்டாத தூரம் போயிருக்கும்.  முதலில் வகுப்பாசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். புதிய பிரிவில் இதுவரை நடந்த பாடங்கள் எவை, அவற்றை யார் சொல்லிக்கொடுப்பார்கள், ஆய்வகத்தில் விட்டுப்போன செய்முறைகளை எப்போது செய்யலாம் என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள். போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மே மாதத்தில் கேட்காத கேள்வியை இந்த முறையாவது அதனிடமே கேளுங்கள்.